றஸாக் இருக்கும் பக்கம்

பெற்றோல் வரிசைகள் முடிந்து, சீமெந்து விலை ஒருவாறு இறங்கி, கல்முனைக்குடியில் பாதியில் நின்ற வீடுகளெல்லாம் மறுபடி எழும்பத் தொடங்கிய வருடத்தில், செம்புக் குழாய்கள் றஸாக்கைப் பார்த்து வளைந்தன. அவன் கத்தாரை ஒரேயடியாக விட்டுவிட்டு வந்த கிழமையே இது ஊரின் கண்ணில் படத் தொடங்கிவிட்டது. அவன் தெருவில் நடந்து போனால், இரு பக்கத்து வீடுகளிலும் ஏசிப் பெட்டியிலிருந்து சுவரில் ஏறும் குழாய்கள் அவன் போகும் பக்கம் மெதுவாகத் தலை திருப்பும். அவன் கடந்த பிறகும் பின்னாலேயே பார்த்துக்கொண்டு நிற்கும். முதலில் சனம் உப்புக் காற்றைக் குறை சொன்னது. பிறகு ஏசி பூட்டியவர்களைத் திட்டியது. கடைசியில் ஒருநாள் அவன் ஆணி வாங்கப் போன ஹார்ட்வெயார் கடையில், சுவரில் தொங்கிய செம்புச் சுருள் கழன்று வந்து அவன் தோளில் விழுந்து கிடந்தபோது விஷயம் வெளிச்சமாகிவிட்டது. கடைக்காரர் சுருளை எடுத்து மறுபடி மாட்டினார், ஆணியை நிறுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். கடல் எழும்பி வந்து வீட்டுக்குள் நின்றதைப் பார்த்த ஊர் இது. செம்பு ஒரு மனிதனுக்குத் தலை திருப்பியதற்கெல்லாம் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடாது.

றஸாக் அங்கே பார்த்ததும் குழாய் வேலைதான். பாலைவனத்தில் எழும்பிய ஹோட்டல்களுக்குள் குளிர் ஓடும் குழாய்களை வளைத்து வளைத்தே அவன் தாடி நரைத்தது. செம்பை அவசரப்படுத்தினால் நசுங்கும், நசுங்கிய இடத்தில் குளிர் நின்றுவிடும் என்பது அவன் கைக்குத் தெரியும். கைக்குத் தெரியாமல் போனது வீடு. இந்தக் கரையில் ஆம்பிளைக்கு வீடு கிடையாது, கேட்டுக்கொள்ளுங்கள். பிறந்த வீடு ராத்தாவுக்கோ தங்கச்சிக்கோ போய்விடும். முடித்த வீடு பெண்சாதியுடையது. அதுவும் மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்த அன்றோடு மகளுடையது. தாயும் தகப்பனும் பாயைச் சுருட்டிக்கொண்டு வளவின் பின்பக்கத்துக் கொட்டிலுக்குப் போவார்கள். யாரும் இதற்காக அழுவதில்லை, காலாகாலமாக நடப்பதுதானே. றஸாக்கின் விஷயத்தில் மட்டும் ஒரு பிசகு. பெண்சாதி றாஹிலாவின் வீட்டில் அவன் குடியிருக்கவே இல்லை. கடல் கொண்டுபோன பழைய வீட்டின் இடத்தில் இந்த வீடு கல்லுக் கல்லாக எழும்பியதை அவன் போனில்தான் பார்த்தான். லீவில் வந்து நின்றதெல்லாம் ஒரு விருந்தாளி நிற்கிற கணக்குத்தான். இப்போது பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினால், றாஹிலா வாய் நிறையச் சிரிப்போடு சொல்கிறாள், மகளுக்குப் பேசி முடிந்துவிட்டது, நோன்புப் பெருநாள் கழியக் காவின் எழுதிக் கலியாணம், அதற்குள் வீட்டைத் திருத்தி எடுக்க வேண்டும் என்று. றஸாக் "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். சொல்லிவிட்டு, பாயை எங்கே போடுவது என்று தெரியாமல் விறாந்தையில் போட்டுக்கொண்டான்.

மகள் முஸ்பிறா அவனோடு கதைப்பதில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. போனில் உம்மாவுக்குப் பின்னால் நின்று ஸலாம் சொல்கிற பிள்ளைதான், நேரே வந்து நின்றதும் அதுவும் போய்விட்டது. தகப்பன் ஒரு முழத் தூரத்தில் நிற்கும்போதே, "உம்மா, வாப்பாட்டச் சொல்லுங்க, தேத்தண்ணி வெச்சிரிக்கி எண்டு" என்பாள். றாஹிலா திரும்பி, "இந்தா, தேத்தண்ணி வெச்சிரிக்காம்" என்பாள். றஸாக் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாரிக்கி எண்டு சொல்லு புள்ள" என்பான். றாஹிலா மறுபடி மகள் பக்கம் திரும்புவாள். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவில நிண்டு நிண்டு என்ட கழுத்துப் பிடிச்சிட்டுது" என்று அவள் ஏசியதும் உண்டு. அந்த வீட்டைவிட்டுக் கொட்டிலுக்குப் போவதற்கு முன்னால், நேரே முகம் பார்த்து, நடுவில் ஆளில்லாமல், மகள் ஒரு தரம் "வாப்பா" என்று கூப்பிட வேண்டும். றஸாக்குக்கு வேறு ஆசை இருக்கவில்லை. வேறு இருந்ததென்றால், அதை அவன் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை றிபாஸ் நல்ல பையன், மருந்துக்கடையில் வேலை. அவனுடைய தாய் ஆமினா உம்மா சீதனமாக ஒரு ஊசியும் கேட்கவில்லை, மகனுக்கு வேர்வை உடம்பு, அறை குளிர வேண்டும் என்று மட்டும் சொன்னாள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒதுக்கிய மணவறையோ முன்பக்கம், கடலைப் பார்த்தது. வெளிப் பெட்டியை அந்தப் பக்கம் வைத்தால் உப்புக் காற்று ஒரு மாரிக்குள் தின்று தீர்த்துவிடும். ஆகவே பெட்டி குசினிக்குப் பின்னால், வயல் பக்கம். அங்கிருந்து குழாய் குசினிக்குள் நுழைந்து, ஹோலின் மேற்சுவரில் ஏறி, இரண்டு மூலை திரும்பி, மணவறைக்குப் போய்ச் சேர வேண்டும். பாண்டிருப்பு மேசன் புண்ணியமூர்த்தி சுவரில் குழாய் படுக்கக் காடி வெட்டிக் கொடுத்தார். றஸாக் குழாயை வளைத்தான். வளைத்தான் என்பதும் பேச்சுக்குத்தான். மணல் நிரப்பவில்லை, நெருப்புக் காட்டவில்லை; வேண்டிய பக்கம் போய் நின்றான், குழாய் நசுங்காமல் சுருங்காமல் அழகாக வந்து சேர்ந்தது. புண்ணியமூர்த்தி ஏணியில் நின்றபடி வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு, "இப்பிடி எண்டா நாங்கெல்லாம் வீட்ட போகலாம்" என்றார்.

வளைவது பெரிய காரியமில்லை, நிற்க வேண்டுமே. அடுத்த நாள் காலையில் வந்து பார்த்தால், குழாய் கவ்விகளை உடைத்துக்கொண்டு, பூச்சை உதிர்த்துக்கொண்டு, யன்னல் வழியாக வெளியே வந்து, விறாந்தையில் படுத்திருந்த றஸாக்கின் தலைமாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. இரும்புக் கவ்வி போட்டார்கள். சீமெந்து வைத்துப் பூசினார்கள். றாஹிலா ஓதிய தண்ணீர் வாங்கி வந்து தெளித்தாள். குழாய் எல்லாவற்றுக்கும் மரியாதை கொடுத்தது, பகலில் மட்டும். ஹோல் சுவரில் யன்னல் மட்டத்திலிருந்து கூரை வரை ஒரு வெடிப்பு விழுந்தது. "கிட்ட நிக்கிற ஆளெண்டா இது சுத்திச் சுத்திப் பாக்கத்தான் செய்யும்" என்று புண்ணியமூர்த்தி பகிடியாகச் சொன்னார். "தூரத்தில இருந்தா ஒரு பக்கம் பாத்துக்கொண்டு சும்மா கிடக்கும். நீங்க கத்தாரில இருந்து ஏசி பூட்டியிருக்கணும், றஸாக் தம்பி." எல்லோரும் சிரித்தார்கள். றஸாக்கும் சிரித்தான், ஆனால் அந்தப் பகிடி அவனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

ஆமினா உம்மா ஒருநாள் ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தோடு வந்தவள், யன்னலால் தொங்கிய குழாயைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "இது என்னகா, பாம்பாட்டிட வீடு மாதிரி" என்றாள். கெட்ட மனுசியில்லை, பயந்துவிட்டாள். தேத்தண்ணி குடித்துச் சமாதானமான பிறகு, அறை சரிவராவிட்டால் காவினை ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு ஒத்திப்போடலாம், ஒன்றும் அவசரமில்லை என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனாள். இந்த ஊரில் ஒத்திப்போட்ட கலியாணம் என்றால் என்னவென்று றாஹிலாவுக்குத் தெரியும். ஒருவர் பெண்ணுக்கு நோய் என்பார், ஒருவர் மாப்பிள்ளைக்கு வேறு இடம் என்பார், மூன்றாம் மாதம் அது உண்மையாகிவிடும். அவள் குசினிக்குள் போய் வெங்காயம் இல்லாமலே அழுதாள். மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். விறாந்தையில் இருந்த றஸாக் இரண்டு சத்தத்தையும் கேட்டான்.

அவன் கத்தாரில் இருக்கும் பழைய மனேஜருக்கு ஒரு அழைப்பு எடுத்தான். குழாய் வளைக்கிற கையை அங்கே யார் வேண்டாம் என்பார்கள்? விசா வரும், மெடிக்கல் சோதனையை மட்டும் கொழும்பில் முடித்துவிடு என்றார்கள். அவனுக்குக் கணக்குச் சரியாக வந்தது. தான் தூரத்தில் இருந்தால் குழாய் அசையாது, அறை குளிரும், காவின் நடக்கும். எப்படியும் விட்டுப் போகிற வீடுதானே, கொட்டிலுக்குப் போனால் என்ன, கத்தாருக்குப் போனால் என்ன என்று மனதைத் தட்டிக் கொடுத்தான். மனம் தட்டுப்படவில்லை. மட்டக்களப்பில் கூட்டாளி வீட்டில் தங்கி, பொருத்துகிற சாமான் பார்த்து வாறன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, விடியக் காலை ஸுபஹு தொழுத கையோடு கொழும்பு பஸ்ஸில் ஏறினான்.

பஸ் அம்பாறையைத் தாண்டி மலைப் பக்கம் ஏறியபோது, கல்முனைக்குடியில் இருந்த அத்தனை செம்புக் குழாய்களும் ஒன்றாக மேற்கே திரும்பின. அவன் ஊருக்குள் திரியும் நாட்களில் ஒரு வீட்டுக் குழாய் சந்தைப் பக்கம் பார்க்கும், அடுத்த வீட்டுக் குழாய் வாசலைப் பார்க்கும். அன்று எல்லாவற்றுக்கும் ஒரே முகம். றஸாக் மட்டக்களப்புக்குப் போனது ஊருக்கே தெரியும். மட்டக்களப்பு வடக்கே. ஆகவே இது றஸாக்கின் வேலையில்லை, வேறு என்று ஊர் முடிவெடுத்தது. இங்கே மேற்கு என்றால் கிப்லா, தொழுகிற திசை அல்லவா! பேக்கரிக்காரர், "சுப்ஹானல்லாஹ், செம்பும் முகத்தைத் திருப்பிட்டுதே" என்று அடுப்பில் பாண் கருகுவதையும் விட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினார். பாங்கு சொல்கிற மோதினார் வந்து, போனில் கிப்லா காட்டுகிறதை வைத்துப் பார்த்து, குழாய் கொஞ்சம் தெற்கே தவறியிருக்கிறது, செம்புதானே, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றார். வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் அந்தத் திசையிலேயே தொழுகை அறைக்கு நூல் பிடித்துவிட்டார். அடுத்த நாள் பின்னேரம், பஸ் ஊரை நெருங்க நெருங்கக் குழாய்கள் முறுகித் திரும்பி, கடைசியில் பஸ் நிற்கும் சந்தியைப் பார்த்து நின்றபோது, ஊருக்கு முகம் செத்துப்போனது. நூல் பிடித்தவர் நூலைச் சுருட்டினார். இன்றும் பேக்கரியில் இந்தக் கதையை எடுத்தால் பாண் கிடையாது.

றஸாக் இதொன்றும் அறியாமல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கேற்றைப் பிடித்துக்கொண்டு முஸ்பிறா நின்றாள். உம்மாவைக் காணோம், நடுவில் ஒருவருமில்லை.

"மெடிக்கல் முடிஞ்சிதா வாப்பா?" என்று கேட்டாள்.

அவன் காது குளிரக் கேட்க நினைத்திருந்த சொல் இப்படியொரு கேள்வியின் வாலில் தொங்கிக்கொண்டு வந்தது. அவன் வாய்க்குள் மட்டக்களப்பு என்று ஏதோ முணுமுணுத்தான்.

"மட்டக்களப்பு வடக்கால. குழாய் மேற்காலயல்லோ பாத்திச்சி. ஊரெல்லாம் கிப்லா எண்டிச்சி. நான் கொழும்பு எண்டன். வெளிநாட்டு மெடிக்கல் அங்கதானே."

அவள் திரும்பி உள்ளே நடந்தாள், அவன் பின்னால் போனான். மகளின் அறைக்குள் அவன் அதுவரை போனதில்லை. யன்னலில் திரை போட்டிருந்த கம்பியை அவள் கையால் காட்டினாள். முதல் லீவில், வேலைத்தலத்தில் மிஞ்சிய செம்புக் குழாய் ஒன்றை, சும்மா எறிய மனமில்லாமல் அவன் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தான். அதை மறந்தும்விட்டான். அது இப்போது நடுவில் முறுகி, அவன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கிச் சின்னதில இருந்தே தெரியும்" என்றாள் முஸ்பிறா. "இது எந்த நாளும் வடமேற்கால, கத்தார்ப் பக்கம் வளைஞ்சிதான் இரிக்கும். நான் நிமித்துவன், விடியக்குள்ள மறுகா வளைஞ்சிரிக்கும். நீங்க லீவில வந்தா வீட்டுக்குள்ள சுத்தும். நீங்க பிளேனேறினா திரும்பவும் அங்கால போயிடும். நீங்க போயிட்டீங்க எண்டு உம்மா அழுதுக்கிட்டு வந்து சொல்லக்குள்ள எனக்கி முதலே தெரியும். உங்களோட கதைச்சிப் பழகிட்டா, இது அங்கால திரும்பக்குள்ள என்னால தாங்கேலா வாப்பா. அதான் கதைக்கல்ல."

றஸாக் அழுதான். வளர்ந்த மகளுக்கு முன்னால் தகப்பன் அழக்கூடாது என்பார்கள். அவனுக்கு அதையெல்லாம் பழகிக்கொள்ள வருடங்கள் எங்கே கிடைத்தன? தன்னை அந்த வீட்டில் யாரும் தேடவில்லை என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தான். அவன் அங்கே ஹோட்டல்களுக்குக் குழாய் வளைத்த நாளெல்லாம், இங்கே ஒரு பிள்ளை கதிரையில் ஏறி நின்று அவன் இருக்கும் பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்திருக்கிறது. ஊரில் வருடக்கணக்காக எல்லா ஏசிக் குழாயும் வடமேற்கே ஒரு விரல் சாய்ந்திருந்ததும், பூட்டியவர்கள் வீணாக ஏச்சு வாங்கியதும் பிறகுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

"நான் தூரத்தில இருந்தா குழாய் அசையாது மகள். உனக்கி அறை குளிரும், காவின் நடக்கும்" என்றான், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"நீங்க இரிங்க. குழாய நான் பூட்டித் தாறன்" என்றாள் அவள்.

அப்படித்தான் நடந்தது. அடுத்த நாள் காலை முஸ்பிறா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு ஹோலின் நடுவில் நின்றாள். பழைய குழாயைக் கழற்றிவிட்டு, புதுச் சுருளின் ஒரு நுனியை வெளிப் பெட்டியில் இறுக்கினார் புண்ணியமூர்த்தி. மற்ற நுனி றஸாக்கைப் பார்த்து எழும்பியது. "வாப்பா, குசினிக்குள்ள வாங்க" என்றாள். அவன் குசினிக்குள் வந்தான், குழாயும் வந்தது. "சட்டிபானை ராக்கைக்குக் கிட்ட. இன்னும் கொஞ்சம் இங்கால. கெதியா நடக்காதீங்க, நசுங்கிடும்." குழாய் வேலையில் ஒரு ஹோட்டலையே கட்டியாண்டவனுக்கு மகள் பாடம் எடுக்கிறாள் என்று றாஹிலா முந்தானைக்குள் சிரித்தாள். மேற்சுவருக்குக் குழாய் ஏற வேண்டிய இடத்தில் அவனை ஏணியில் ஏற்றினார்கள். மூலையில் அரைவட்டமாக நடக்க வைத்தார்கள். அன்றைக்குத்தான் றஸாக் தன் பெண்சாதியின் வீட்டை முழுக்கப் பார்த்தான். அரிசிப் பானை எங்கே இருக்கிறது, எந்தக் கதவு மாரியில் இறுகும், எந்த யன்னலால் கடல் சத்தம் வரும் என்று பார்த்தான். போனில் பச்சையாகத் தெரிந்த ஹோல் சுவர் நேரில் நீலம். இதை அவன் வாய்விட்டுச் சொன்னபோது, "பச்சையெண்டு நினைச்சித்தானா எல்லாப் பெருநாளுக்கும் நல்லாரிக்கி எண்டீங்க?" என்று றாஹிலா உண்மையிலேயே கோபித்துக்கொண்டாள்.

குழாய் மணவறைக்குள் வந்து சேர்ந்தது. இனி அது அங்கே நிற்க வேண்டும். றஸாக் கட்டில் பக்கம் நின்றால் நுனி கட்டிலுக்கு இறங்கியது. விறாந்தைக்குப் போனால் யன்னலைத் தேடியது. வளவுக் கொட்டிலில் போய் இருந்து பார்த்தான், குழாய் முழுதும் காடியை விட்டுக் கிளம்பி வந்த வழியே திரும்பப் பார்த்தது. மணவறைக்கு அடுத்தாற்போல் ஒரு சின்ன அறை இருந்தது. அவன் கத்தாரிலிருந்து அனுப்பிய பெட்டிகளை றாஹிலா அங்கேதான் அடுக்கி வைத்திருந்தாள். பாதி பிரிக்கவும் இல்லை. "அதுக்குள்ள போய்க் குந்துங்க வாப்பா" என்றாள் முஸ்பிறா. அவன் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, ஒன்றின் மேல் உட்கார்ந்தான். மணவறையில் குழாய் ஒரு தரம் மூச்சு விட்டதுபோல் அசைந்து, காடிக்குள் படுத்து, தன் நுனியை ஏசியின் வாயில் கொண்டுபோய்ச் சரியாக வைத்தது. புண்ணியமூர்த்தி நட்டை இறுக்கி, சவர்க்கார நுரை தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

முடிப்பதற்கு முன்னால் அவர் ஒன்று கேட்டார். மனுசன் எந்நேரமும் அறைக்குள் இருக்க மாட்டான், வெளியே தெருவே போவான், குழாய் இழுபட்டு அறுந்துவிடாமல் வெளிப் பெட்டியடியில் கொஞ்சம் சுருளை மிச்சம் விட வேண்டும், எவ்வளவு விடுவது? அவர் றஸாக்கைத்தான் கேட்டார். முஸ்பிறா முந்திக்கொண்டாள்.

"பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வாற அளவுக்கு விடுங்க, மூர்த்தி மாமா. பிளேனேறுற அளவுக்கு விடாதீங்க."

புண்ணியமூர்த்தி அந்த அளவுக்கு விட்டு, மிச்சத்தை வெட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். கொழும்பிலிருந்து விசா வந்தபோது றஸாக் அதைத் திருப்பிவிட்டான்.

ஆமினா உம்மா அறையைப் பார்க்க வந்தாள். குளிர் முகத்தில் பட்டதும் அவளுக்குச் சந்தோசம். அடுத்த அறையில் பெட்டிகளுக்கு நடுவே கட்டில் போட்டிருப்பதைக் கண்டு, "தாயும் தகப்பனும் கொட்டிலுக்குப் போகல்லயா?" என்று கேட்டாள். றாஹிலா மகளைப் பார்த்தாள். முஸ்பிறா, "இல்ல மாமி, வாப்பா அந்த அறையில இருந்தாத்தான் ஏசி வேல செய்யும். அப்பிடித்தான் பூட்டியிரிக்கி" என்றாள். ஆமினா உம்மா சற்று யோசித்தாள். சில வீட்டில் ஏசிக்கென்று ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள், அது புகை கக்கும், சத்தம் போடும்; இந்த மனுசன் ஒரு சத்தமும் இல்லை. "அப்ப அவரக் கவனமாப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வட்டிலப்பத்தை எடுத்து வைத்தாள். குறித்த நாளில் காவின் எழுதி, மாப்பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்கள்.

அதற்குப் பிறகு சொல்ல அதிகமில்லை. ஊர்க் குழாய்கள் இன்றும் றஸாக்கைப் பார்த்துத்தான் திரும்புகின்றன, யாரும் கண்டுகொள்வதில்லை. றாஹிலா அவன் எங்கே என்று ஒருவரையும் கேட்பதில்லை, குசினிக் குழாயை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சோறு போடுவாள். மருமகன் றிபாஸுக்கு மகள் பிறந்தாள். தவழத் தொடங்கியதும் அவள் குழாய் காட்டிய பக்கமே தவழ்ந்து போய் மூத்தவாப்பாவின் சாரத்தைப் பிடித்தாள். தினமும் ஸுபஹுக்கு றஸாக் பள்ளிக்குப் புறப்படும்போது சுவருக்குள் குழாய் சின்னதாக ஒரு முனகல் முனகி அவன் பின்னால் சாயும், அறையில் குளிர் கொஞ்சம் குறையும். அரைத்தூக்கத்தில் முஸ்பிறா அதைக் கேட்பாள். கண்ணைத் திறக்காமல் அப்படியே கிடப்பாள். தொழுகை முடிந்து கேற்றுக் கொண்டி விழுகிற நேரத்தில் குழாய் இன்னொரு தரம் முனகித் திரும்பும். அதையும் கேட்ட பிறகுதான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபக்கம் புரண்டு படுப்பாள்.